கல்யாணிக்கு முடி முளைத்தது

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. கல்யாணியின் அண்ணன். "காலையில ஆறு மணிக்குப் போயிட்டா. வந்துடுங்க" என்றார்.

அவளோடு வேலை செய்தவர்களுக்கு அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மூன்று தலைமுறையாக செகந்திராபாத். வீட்டில் திருச்சித் தமிழ், எங்களிடம் பாதி தக்னி, அந்த ஊர் உருது. "ஹவ்" என்றால் ஆமாம். "கைக்கு" என்றால் எதற்கு. "நக்கோ" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எங்கள் இருவருக்கும் வேலை கெரட்டினில். முடி, நகம், மேல்தோல் எல்லாம் அந்தப் புரதம்தான். தோலின் அடியடுக்கிலும் முடியின் வேரிலும் செல்கள் பிரிகின்றன. பிரிந்த செல் மேலே நகர்கிறது. மரபணுவிலிருந்து செய்தி நகலாகிறது. அந்தச் செய்திப்படி அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுச் சங்கிலியாகின்றன. இரண்டு வகைச் சங்கிலிகள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால்தான் இழை. ஜோடி கிடைக்காததைச் செல்லே சிதைத்துவிடும். இழைகளால் தன்னை நிரப்பிக்கொண்டு, கடைசியில் செல் செத்துப்போகிறது.

"ஜோடி இல்லேன்னா அங்கேயும் மதிப்பில்ல பாரு" என்பாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருடம்.

ஒருமுறை எலியின் கல்லீரல் மாதிரியை, புரதங்களைப் பட்டைபட்டையாகப் பிரிக்கும் ஜெல் தட்டில் ஓட்டியபோது எனக்குப் புதிதாக ஒரு பட்டை தெரிந்தது. யாரும் பார்க்காத புரதம் என்று நினைத்தேன். மறுநாள் கூட்டத்தில் காட்டுவதாக இருந்தேன். கல்யாணி மாதிரியே சேர்க்காத வெறும் கரைசலை ஓட்டிப் பார்த்தாள். அதே இடத்தில் அதே பட்டை.

"உன் தோல்டி அது. கையுறை போடாம தட்டைத் தொட்டிருக்க."

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"கைக்கு? நான் ஏன் சொல்லணும்? நீயே சொல்லு."

என் தவறு எதையும் அவள் விட்டுவைத்ததில்லை.

சென்ற ஆண்டு மார்பில் கட்டி. பிரியும் செல்களை நிறுத்துகிற மருந்து கொடுத்தார்கள். கட்டி எது, முடிவேர் எது என்று அந்த மருந்துக்குத் தெரியாது. உதிர்ந்த முடியை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தாள்.

"மைக்ராஸ்கோப்ல வேரைப் பாரு."

வேர்கள் பென்சில் முனைபோல் கூம்பியிருந்தன. "செல் பிரியல" என்றேன்.

"ஹவ். அப்ப மருந்து வேலை செய்யுது."

பிறகு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன மாதம் சைனிக்புரி வீட்டுக்குப் போனேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினாள். கால் அங்குலம். குழந்தை முடிபோல் மெத்தென்று இருந்தது.

"முளைச்சிடுச்சுடி! பிரியுது! செல் பிரியுது!" என்று கத்தினேன். அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் விடவில்லை. வேர் விழித்துக்கொண்டது, செய்தி போகிறது, சங்கிலி ஓடுகிறது என்று அரைமணி நேரம். என் கை அவள் தலைமேலேயே இருந்தது. அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சொல்ற" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்தபின் அவள் அண்ணனிடம் அந்த முடியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மூணு மாசம் முன்னாடியே மருந்தை நிறுத்திட்டாங்களே. இனிமே பிரயோஜனமில்லன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

மருந்து நின்றால் முடி முளைக்கும். எனக்குத் தெரியாததல்ல. முடிவேரில் மட்டுமா செல் பிரிந்திருக்கும்?

அன்று அவள் என்னைத் திருத்தவில்லை. அந்த அரைமணி நேரத்துச் சந்தோஷம் என்னிடம் இருக்கிறது. அவளைத் தனியே விட்டுவிட்டு, அவள் தலையைத் தொட்டபடியே நான் பட்ட சந்தோஷம்.