சீதனம் கொடுக்கும் கிருமி

கல்முனையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் இருந்தார், மடியில் ஒரு ஜாம் போத்தலில் கலங்கல் தண்ணீர். அடிக்கடி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். பஸ் குலுங்கியதில் அது என் கையில் சிந்திவிட்டது.

“என்ன தம்பி இது?”

“சந்தை வடிகான் தண்ணி, காக்கா. இதில இருக்கிற ஆர்.என்.ஏ. வைரசைப் பத்தித்தான் கெம்பஸில படிக்கிறன்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அட்டாளைச்சேனையில் கலியாணம் கட்டியிருந்த மகனுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. அவளைத் தூக்கப் போகிற கை இது.

“பயப்படாதீங்க. இது மனிசரைப் பிடிக்காது. பக்டீரியாக் கிருமிக்கு வாற வருத்தம், எங்களுக்குக் காய்ச்சல் வாற மாதிரி.”

“கிருமிக்கும் வருத்தம் வருமா?”

“ஓம், அதுவும் ஆம்பிளைக் கிருமிக்குத்தான். அது ஒரு மெல்லிய குழாயை நீட்டி, பொம்பிளைக் கிருமிக்குத் தன்ட சொத்தில பங்கு குடுக்கும். வைரஸ் அந்தக் குழாயில தொத்தித்தான் உள்ள போகும்.”

“அப்ப அங்க சீதனம் குடுக்கிறது மாப்பிள்ளையா?”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “எதுக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க காக்கா. வடிகான்ல வேறயும் இருக்கும்.”

மகன் வீட்டுக் கிணற்றடியில் தோல் உரியக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினேன். எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவன்தான் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்.

“இப்பவே கல்லுச் சேர்க்கணும் வாப்பா” என்று மகன் பெருமூச்சு விட்டான்.

“யோசிக்காத மகன். மாப்பிள்ளைக்கிட்ட வாங்குவம். கிருமிக்குள்ளயே அந்த வழக்கம் இருக்காம்.”

எதற்கும் கவலைப்படுகிற நான் அப்படிச் சொன்னதில் மகன் திகைத்துப்போனான். அந்த இளைஞரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இன்றும் வடிகானைத் தாண்டும்போது, உள்ளே யாருக்குக் கலியாணமோ என்று எட்டிப் பார்ப்பேன்.