முதல் கொட்டகை

மின்விசிறியைத் துடைப்பதற்காகக் கழற்றும்போதெல்லாம் அத்தான் ஒவ்வோர் இறக்கையின் முதுகிலும் சுண்ணக்கட்டியால் ஓர் எண் எழுதுவார். துடைத்து முடித்தபின் அந்தந்த இறக்கை அந்தந்த இடத்துக்கே திரும்பும். எண்களை மட்டும் அழிக்க மாட்டார். கட்டில், தையல் இயந்திரம், குழந்தைகள் வளர்ந்த தொட்டில் என்று அவர் கைபட்ட பொருள் எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் ஓர் எண் இருக்கும். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவருக்குச் சுண்ணக்கட்டி. சட்டைப் பை எப்போதும் வெளுத்திருக்கும். "நான் சட்டையத் தோய்க்கிறேனா, சுவத்தத் தோய்க்கிறேனான்னே தெரியல" என்பாள் அக்காள்.

அவர் என் மூத்த அக்காளின் கணவர். துறைமுகத்தை ஒட்டிய கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சேர்ந்த காலத்தில் அரசாங்கத்தின் கொள்கை இப்படி இருந்தது: முழுக் காராகக் கப்பலில் வந்து இறங்கினால் காரின் விலைக்குச் சமமான வரி, உதிரிப் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டால் பெயருக்கு ஒரு வரி. உள்நாட்டில் தொழில் வளர வேண்டும் என்பது சட்டத்தின் முகவுரை. வெளிநாட்டு நிறுவனம் முகவுரையை விட்டுவிட்டு விதிகளை மட்டும் படித்தது. கார்கள் முழுதாகவே வந்தன. முதல் கொட்டகையில், சுங்க அதிகாரியின் கண்முன், நான்கு சக்கரங்களும் இருக்கைகளும் கழற்றப்படும். அவர் கையெழுத்திட்ட நொடியில் அந்தக் கார் சட்டப்படி உதிரிப் பாகங்களாகிவிடும். பிறகு அதைத் தள்ளுமேடையில் ஏற்றி இரண்டாம் கொட்டகைக்குக் கொண்டுபோய் அதே சக்கரங்களைப் பூட்டி, பின்கண்ணாடியில் 'நம் நாட்டுத் தயாரிப்பு' என்று ஒட்டுவார்கள்.

அத்தானுக்கு வாய்த்தது முதல் கொட்டகை. கழற்றிய சக்கரங்களில் எண் எழுதும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. "எல்லாம் ஒரே அளவுதானய்யா, எத எதுல மாட்டினா என்ன?" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "அது பாட்டுக்கு அதும் இடத்துல உக்காந்து கடல் தாண்டி வந்திருக்கு. நாமதான் பிரிச்சோம். திரும்ப அங்கயே கொண்டுபோய் விடறதுதானே மரியாதை?" என்றார் அத்தான். அன்றிலிருந்து அவருக்குச் 'சக்கரத்தார்' என்று பெயர் விழுந்தது. புதிதாக வந்த இளம் சுங்க அதிகாரி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "இதையே நாளைக்குத் திரும்ப மாட்டிடுவீங்களா?" "நாளைக்கு இல்ல சார், பத்து நிமிஷத்துல." அந்த அதிகாரி அதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அடுத்த மாதம் அவருக்கு மாற்றல் வந்தது.

கழற்றுவதற்கென்று எடுக்கப்பட்டவர் அல்லர் அத்தான். இன்ஜின் வார்ப்புப் பயிற்சிக்காக நிறுவனமே அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஐந்தாண்டுக்குள் இன்ஜின் இங்கேயே தயாராக வேண்டும் என்று விதியில் இருந்தது. அவர் திரும்பி வந்ததும் கொடுத்த பணி ஆணை, குடும்பத் தாள்களோடு என்னிடம் இருக்கிறது: 'இன்ஜின் பிரிவு தொடங்கும் வரை முதல் கொட்டகையில் பணியாற்ற வேண்டியது.' அந்தப் பிரிவுக்காக மூன்றாவதாக ஒரு கொட்டகையும் கட்டினார்கள். புகைபோக்கிகூட வைத்தார்கள். அதிலிருந்து புகை வந்ததில்லை, புறாக்கள் வந்தன.

ஐந்தாண்டு முடியும்போதெல்லாம் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. இது வெறுமனே திருகாணி முடுக்கும் 'திருகாணித் தொழிற்சாலை' என்று மேடைதோறும் முழங்கிய எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. அமைச்சரின் மைத்துனருக்குக் கார் விற்பனை உரிமை கிடைத்தது. அவகாசம் மறுபடியும் நீண்டது. தோற்றுப்போன கட்சி எதிர்வரிசையில் அமர்ந்து அதே சொல்லை முழங்கத் தொடங்கியது. அத்தான் சங்கத் தலைவரிடம் போய் நியாயம் கேட்டார். "சக்கரத்தாரே, இன்ஜின் பண்றேன்னு ஆரம்பிச்சா செலவு ஏறும், ஆளக் குறைப்பான். கழட்டுற வேலை இருக்குல்ல? கழட்டும்" என்றாராம் தலைவர். அத்தான் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வார்ப்புப் பாடங்களை வாய்விட்டுப் படிப்பார். பிரிவு திறக்கிற அன்று மறந்துபோய் நிற்கக் கூடாதல்லவா? ஓய்வு பெற்ற மாதம் வரை படித்தார்.

இந்த ஆண்டு புதிய கொள்கை வந்தது. இனி மின்சாரக் கார். ஐந்தாண்டுக்குள் மின்கலம் இங்கேயே. மூன்றாம் கொட்டகைக்கு வெள்ளையடித்துப் புறாக்களை விரட்டினார்கள். மேலாளர் அத்தானின் வீடு தேடி வந்தார்.

"அண்ணே, புது காரோட சக்கரத்த மந்திரியே மாட்டப் போறாரு. பக்கத்துல மூத்த தொழிலாளி ஒருத்தர் நிக்கணும். உங்கள விட்டா யாரு?"

"கார் வந்திருச்சா?"

"வந்திருச்சு."

"முழுசாவா?"

மேலாளர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "முந்தின நாளே வந்து ஒரு சக்கரத்த மட்டும் கழட்டி வச்சிட்டீங்கன்னா நல்லது."

"கழட்டின கைக்கு இப்ப மாலை வேற போடுவீங்களாக்கும்" என்றாள் அக்காள்.

மேலாளர் சின்னவள் பக்கம் திரும்பினார். சின்னவள் அத்தானின் இளைய மகள். இயந்திரவியல் படித்துவிட்டு, விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை சலித்தவள். "பேட்டரி பிரிவுக்கு ஆள் எடுக்கப் போறோம். பாப்பாவுக்கு ஒரு இடம், என் பொறுப்பு" என்றார்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றார் அத்தான்.

விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வெள்ளைச் சீருடையில் அத்தான் காருக்கு அருகில் நின்றார். இருவர் சக்கரத்தைத் தூக்க, அமைச்சர் அதன்மீது கை வைத்தார். தூக்கியவர்கள் புகைப்படக்காரர்களுக்காகச் சற்றே திரும்பியபோது உட்புறம் கூட்டத்துக்குத் தெரிந்தது. கறுப்பு ரப்பரில் பளிச்சென்று '3'. பின்பக்கத்து இடது சக்கரம் அத்தானின் கணக்கில் மூன்று. முந்தின நாள் கழற்றியபோது கை தானாக எழுதியிருக்கிறது.

"இது என்ன நம்பர், பெரியவரே?" என்று அமைச்சர் ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார். மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தான் பொய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. வாடகை கொடுக்க முடியாத ஒரு மாதம், வீட்டுக்காரரிடம் "அவர் வெளிய போயிருக்காரு" என்று அக்காள் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து "இல்ல, இருக்கேன்" என்று குரல் கொடுத்தவர். இப்போது அவர் வாய் திறந்தது. கண்கள் கூட்டத்தில் எதையோ தேடி, இரண்டாம் வரிசையில் சின்னவளிடம் வந்து நின்றன.

"தரம் பாத்துப் போட்ட நம்பருங்க ஐயா. ஒவ்வொண்ணையும் பாத்துத்தான் மாட்டுறோம்."

பலத்த கைதட்டல். அமைச்சர் தம் பேச்சில் அதை இருமுறை எடுத்துச் சொன்னார். மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் அந்த '3' வந்தது. எதிர்க்கட்சி வழக்கம்போலத் திருகாணி அறிக்கை விட்டது. அந்த இலக்கம் எதற்கென்று அவர்களுக்கும் தெரியவில்லை. "நல்லாத்தானே சொன்னீங்க" என்று அக்காள் ஆறுதலாகச் சொன்னாள். "நல்லாத்தான் வந்துது. அதான் பயமா இருக்கு" என்றார் அத்தான்.

மேலாளர் சொல் தவறவில்லை. சென்ற வாரம் சின்னவளுக்குப் பணி ஆணை வந்தது. அவளே உரக்கப் படித்தாள்: 'மின்கலப் பிரிவு. பிரிவு தொடங்கும் வரை முதல் கொட்டகையில் பணியாற்ற வேண்டியது.'

அக்காள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கொஞ்ச நாளைக்குத்தானேப்பா" என்றாள் சின்னவள்.

அத்தான் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்து, மடித்து, என்னிடம் நீட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டாக உடைத்தார். பெரிய பாதியை மகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

முதல் கொட்டகையில் அவர் இருந்தது இருபத்தேழு ஆண்டுகள்.