கேமராவுக்குக் கீழே தவழ்ந்தோம்

கொரோனா ஊரடங்கில் என் மகளுக்குக் கல்லூரி வகுப்பெல்லாம் போனில்தான். சென்னை கல்மண்டபம் பகுதியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. கேமராவில் விழக்கூடாதென்று நாங்கள் அடுப்புப் பக்கம் தவழ்ந்துதான் போவோம்.

ஒருநாள் நான் மீன் கழுவுகிற சத்தம் கேட்டு, "என்னம்மா, மீன் மார்க்கெட்லயா உட்கார்ந்திருக்கே?" என்று பேராசிரியர் எல்லோர் முன்னும் சிரித்தார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா அது?

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. "நான் செத்துட்டா நீங்கள்லாம் நிமிந்து நடக்கலாம்மா" என்றாள். பதறிப்போய் உடனே மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

மறுநாள் வகுப்பில் போனை வாங்கி வீடு முழுக்கக் காட்டினேன். "நல்லா பாத்துக்கோ சார், இதான் எங்க வூடு. இதுல இன்னா சிரிப்பு கீது உனுக்கு?"

மகள் தேறி, இப்போது வேலையில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே அவள் ஆபீஸ் மீட்டிங்கில் பேசும்போது, பின்னால் நான் மீன் சட்டியோடு நிமிர்ந்துதான் நடக்கிறேன்.