பாலைப் பூசி, இரும்பைக் கொடுத்து, கிச்சாப்பை ஊற்றி

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெசர் வேலை என்பது மூன்றாவது ஆள் வேலை. காயம் பட்டவர் உங்களிடம் வந்து சேர்வதற்குள் குறைந்தது இரண்டு பேர் அவருக்கு வைத்தியம் பார்த்து முடித்திருப்பார்கள். அவர்கள் செய்ததை முதலில் கழுவ வேண்டும். அதற்கு அடியில் காயம் எங்கே என்று தேட வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சகோதரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் இருந்தது மலாயாவில், ஜொகூரில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். எட்டுக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, நான். இதற்குப் பெயர் ஆஸ்பத்திரி. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. கை இருந்தால் பால் வெட்டலாம். கை போனால் அடுத்த கப்பல்தான்.

நல்ல பால்

அஞ்சலை, முத்துசாமிக் கங்காணியின் தங்கை. புருஷன் மலேரியாவில் போய்விட்டான். இரண்டு சின்னப் பெண்கள். அண்ணன் மேய்க்கிற ஆட்களோடு சேர்ந்து பால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இடக்கைச் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கத்தி பட்டு நாலு நாளாயிற்றாம். தோட்டத்து வழக்கப்படி, மரத்தில் வடிகிற பாலைத் தொட்டு அண்ணன் அப்படியே பூசிவிட்டார். ரப்பர் பால் காய்ந்தால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ரத்தமும் நின்றுவிடும், வார்னிஷ் அடித்ததுபோல் பார்க்க லட்சணமாக இருக்கும். உரித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சீழ்.

டவுனுக்கு அனுப்பினேன். பாதி விரலை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கங்காணியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு விரல், நாளைக்குக் கை, அப்புறம் தங்கச்சியும் பிள்ளைங்களும் கப்பல்ல" என்று கத்திவிட்டேன். இருபது வருஷமாகப் பால் பூசியே பழகிய மனிதர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பாலு நல்ல பாலுதாங்கய்யா. விரலுதான் சரியில்ல."

மூணு சனத்து மருந்து

ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கொட்டகையில் சின்னப்பனுக்கு வேலை. ஒரு நாள் முழங்கை வரைக்கும் நெருப்புப் பட்டுவிட்டது. பக்கத்திலேயே இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர். அதை யாரும் தொடவில்லை. கடைக்காரச் சீனர் ஓடிவந்து ஒரு புட்டி கிச்சாப்பை, அதுதான் அவர்கள் சமையலில் விடுகிற கறுப்புச் சோயா சாற்றை, ஊற்றினார். மலாய்க் காவல்காரர் வாழைக் குருத்தைக் கசக்கி அப்பினார். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? கோதுமை மாவைக் கொண்டுவந்து மேலே தூவினார்கள். என்னிடம் வந்தபோது அந்தக் கைக்கு எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் பாக்கி.

எல்லாவற்றையும் கழுவி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது. "இவங்கள்ல யாரையாவது நீ தடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். சின்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆசையா வந்தாங்கய்யா. யாரு மனசையும் நோகடிக்கக் கூடாதுல்ல?"

கம்பிக்கடி

புல்லில் நடந்த வீரன் என்ற ஆளுக்குக் காலில் ஏதோ சுருக்கென்றது. பாம்பு என்று முடிவு செய்து, கணுக்கால், முழங்கால், தொடை என்று மூன்று இடத்தில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நாலு பேர் தூக்கி வந்தார்கள். கால் கருநீலமாக இருந்தது. அது விஷத்தின் நிறமல்ல, கயிற்றின் வேலை. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் காலே போயிருக்கும். கட்டுகளையெல்லாம் அவிழ்த்துக் கீறலைப் பார்த்தேன். பழைய வேலிக்கம்பியின் முனை உள்ளேயே இருந்தது. எடுத்துக் காட்டினேன். வீரன் அதை வெகு நேரம் உற்றுப் பார்த்தான். "கம்பியை ஏற்கெனவே பாம்பு கடிச்சிருந்தா?"

இரும்பு

விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். ஒரு நாள் பெரட்டில் கோவிந்தனுக்கு வலிப்பு வந்துவிட்டது. வலிப்புக்காரர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நம் சாஸ்திரம். ஊரில் என்றால் சாவிக்கொத்து கிடைக்கும். ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. எல்லார் கையிலும் இருந்த ஒரே இரும்பு பால் வெட்டுகிற கத்தி. அதைக் கொடுத்தார்கள்.

வலிப்பு இரண்டு நிமிஷத்தில் தானாக நின்றது. உள்ளங்கைக்கு ஐந்து தையல் போட்டேன். இதற்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான் என்பதுபோல் கத்தியைக் கொடுத்த ஆள் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தான். திட்டினேன். அவன் அசையவில்லை. "இரும்பு குடுத்தோம். வலிப்பு நின்னுச்சா, இல்லியா?"

பெரட்டில் ஒரு பாடம்

மாதாமாதம் என் காயப் பட்டியல் நீண்டுகொண்டே போவதைப் பார்த்த தோட்டத்து மேனேஜர் துரை, பெரட்டில் நின்று ஆட்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடு என்று உத்தரவு போட்டார். மரப்பெட்டி மேல் ஏறி நின்றேன். சுட்டால் தண்ணீர், நிறையத் தண்ணீர், வேறொன்றும் வேண்டாம். வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பதை விலக்கு, ஒருக்களித்துப் படுக்க வை, கையிலும் வாயிலும் எதையும் திணிக்காதே. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அமுக்கு. கையை உயரத் தூக்கு. திறந்து திறந்து பார்க்காதே. டிரெசர் சொல்லுகிற வரைக்கும் விடாதே. பள்ளிப் பிள்ளைகள்போல எல்லாரையும் மூன்று தடவை சொல்ல வைத்தேன். முத்துசாமிக் கங்காணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் உண்டா என்று கேட்டதும் அவர் கைதான் மேலே போனது. "தண்ணியும் துணியும் எங்ககிட்டயே இருக்கு. அப்ப ஆஸ்பத்திரி எதுக்குங்கய்யா?"

கங்காணியின் பிடி

அடுத்த மாதம், மழை விட்ட மறுநாள், சரிவில் அஞ்சலையின் கால் வழுக்கியது. விழுந்த வேகத்தில் அவள் கத்தி அவளுடைய இடது மணிக்கட்டிலேயே ஏறிவிட்டது. பீச்சியடித்தது என்றார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல். செய்தி கொண்டு முன்னால் ஓடிவந்தவன், "ரத்தம் நிக்கலை" என்றான். சுற்றிலும் மரம், மரத்துக்கு மரம் கட்டிய மங்குக் கிண்ணம் நிறையப் பால், பக்கத்தில் கங்காணி. நான் அந்தோணியாரை வேண்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

வந்தார்கள். நான் பார்த்தது இதுதான்: இரண்டு பேர் அஞ்சலையைத் தூக்கி வருகிறார்கள், கூடவே கங்காணி, அவள் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அன்று காலை துவைத்துக் கட்டிய தலைத்துண்டை மணிக்கட்டில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே இரண்டு மைல் நடந்து வருகிறார். ஓடையில் இறங்கியபோதும் பிடியை விடவில்லையாம். துண்டு நனைந்ததும், எடுத்துப் பார்க்காமல் அதன் மேலேயே இன்னொரு துண்டு.

மேஜையில் கிடத்தினோம். "விடுங்க கங்காணி, நான் பாத்துக்கிறேன்" என்றேன். விடவில்லை. மறுபடி சொன்னேன். "விட்டா போயிருவாளேய்யா" என்றார். உண்மையில் அவருக்கு விரல் மரத்து, விட நினைத்தாலும் விட முடியவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

பதறாதீர்கள், முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கை பிழைத்தது. இரண்டு மாதத்தில் அஞ்சலை பால் வெட்டப் போய்விட்டாள்; கப்பல் அவளில்லாமல் போயிற்று. ஆனால் அன்று, ரத்தக்குழாயைக் கட்டித் தையல் போட்டு முடித்து, "ரொம்ப வலிக்குதா அம்மா?" என்று கேட்டபோது, வெளுத்துப்போன முகத்தைத் திருப்பி, மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "வெட்டு வலிக்கலைங்கய்யா. அண்ணன் புடிச்ச புடிதான் வலிக்குது."

முதலுதவிக்கு வேண்டியது சுத்தமான துணியும் ஒரு பிடிவாதக்காரரும். துணி அடிக்கடி தீர்ந்துபோகும், மற்றது எந்தத் தோட்டத்திலும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.