வீரா என்றால் பாதித் தெரு திரும்பும்

நேற்று சென்னையில் நல்ல மழை. யாரும் வழுக்கி விழக்கூடாது என்று அலுவலக வாசலில் காவலாளி ஒரு கோணிச்சாக்கை விரித்துப் போட்டிருந்தார். அதை மிதித்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு வாடை, ஈரச் சாக்கும் முளைவிட்ட நெல்லும் கலந்த வாடை. அந்தச் சாக்கில் நெல் ஒன்றுகூட இல்லை. மூக்குக்கு யார் சொல்வது?

என் வேலை என்னவென்று உங்களிடம் சொன்னதில்லையே. பெயர்களைப் பொருத்துவது. ஒரே ஆளை ஓரிடத்தில் ரங்கசாமி என்றும் இன்னோரிடத்தில் ரெங்கசாமி என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒருவர்தான் என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை எழுத்தை எண்ணும்: எத்தனை எழுத்தை மாற்றினால் இது அதுவாகும்? இன்னொரு முறை காதை நம்பும். உயிரோசையைத் தள்ளிவிட்டு, மிச்சம் நிற்கும் ஒலி ஒன்றுதானா என்று பார்க்கும். இரண்டில் எது தேவலை என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை. இரண்டும் பங்காளிகள் மாதிரி. ஒன்று ஆமென்றால் மற்றது இல்லை என்னும்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். குலதெய்வம் வீரனார். பிள்ளை பிறந்தால் அவர் பெயரைத்தான் வைப்பார்கள். தாத்தா வீரமுத்து, பெரியப்பா வீரன், அப்பா வீரையன், நான் வீரலட்சுமி. படையலன்று கோயில் வாசலில் நின்று "வீரா" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. வாய்க்கால் வீட்டு வீரா, மேட்டுவீட்டு வீரா என்றால் தீர்ந்தது. சென்னையிலும் என்னை வீரா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஸ்டைலான பெயராம். நானும் வாயைத் திறப்பதில்லை.

தாத்தா கூலிக்கு நட்ட வயலைத்தான் பெரியப்பாவும் அப்பாவும் வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே தெரு, ஒரே தகப்பன் பெயர், அடுத்தடுத்த வயல். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆடியில் பெரியப்பா இறந்துபோனார். புரட்டாசிக் கடைசியில் அப்பா குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிக் காத்துக்கிடந்தார். அவர் முறை வந்தது. கணினியைத் தட்டிப் பார்த்த எழுத்தர் நிமிரவே இல்லையாம்.

"ஐயா, நீங்க இறந்துட்டதா காட்டுதுங்க."

"உசுரோடதானங்க முன்னாடி நிக்கிறேன்."

"எனக்குத் தெரியுதுங்கய்யா. இதுக்குத் தெரியலையே, நான் என்ன பண்ணட்டும்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பா சாவுக்கு வந்து மாலை போட்டவர். அண்ணனையும் தம்பியையும் கணினி ஒரே ஆளாக்கிவிட்டது, அதனால் பெரியப்பாவின் சாவு அப்பா மேலும் ஏறிவிட்டது என்று சொன்னதும் அவர்தான்.

அன்று மதியம் அப்பா போன் செய்தார். "நீ கம்ப்யூட்டர்லதானம்மா வேலை பாக்குற? இதக் கொஞ்சம் சரிபண்ணி விடேன். வானம் வேற இருட்டிக்கிட்டு வருது."

பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். அங்கே ஓடுவது எந்த ஊரில் யார் செய்த மென்பொருளோ. என் மேசையில் இருந்த இரண்டு முறைகளிலும் வீரன், வீரையன் என்று கொடுத்துப் பார்த்தேன். ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், ஒரே ஆள் என்றது முதல் முறை. யகரத்தையும் உயிரோசையோடு தள்ளிவிட்டு, மிச்சம் வ, ர, ன, ஒரே ஆள் என்றது மற்றது. ஊரிலுள்ள பெயருக்கெல்லாம் சண்டை போட்டவை அப்பா விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டன. எனக்குக் காரணம் முழுதும் புரிந்தது. செய்யத்தான் ஒன்றும் இல்லை. அழுகையாக வந்தது.

அப்பா உயிரோடிருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்தார். அது போதாது, மேலிடத்தில் திருத்தி வர வேண்டும் என்றார்கள் நிலையத்தில். மழைக்கு மேலிடம் ஏது? தார்ப்பாய்க்கு அடியில் நெல் பச்சையாய் முளைத்துவிட்டது. நான் ஊருக்குப் போனபோது அப்பா அதில் ஒரு கை அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்து பார்த்தேன்.

திருத்தம் ஒருவழியாக வந்தது. அதற்குள் அப்பா வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

பிறகு என் தம்பிக்குப் பையன் பிறந்தான். "எந்த மெஷினும் கொழப்பிக்கக் கூடாதுக்கா" என்று தேடித்தேடி ரித்விக் என்று பெயர் வைத்தான். நேற்று அந்தச் சாக்கு வாடையோடு போய் உட்கார்ந்தவள், என்ன நினைத்தேனோ, எங்கள் வீட்டுப் பெயர்களையெல்லாம் வரிசையாகக் கொடுத்து, ரித்விக் இவர்களில் யாரோடு பொருந்துகிறான் என்று இரண்டு முறைகளிலும் ஓட்டிப் பார்த்தேன். யாரோடும் பொருந்தவில்லை. போனில் அப்பாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"அப்ப அவன் நம்ம வீட்டுப் புள்ள இல்லங்குதா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றேன்.

தெருவில் பாதிப் பேர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் புதுப் பெயர். இந்த வருஷப் படையலில், தேங்காய்த் தட்டை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டி, அப்பா பழக்கத்தில் "வீரா" என்று கூப்பிட்டார். நான் ஒருத்திதான் திரும்பினேன்.