மீனம்மா உப்புப் பார்த்த ஏழு தட்டு

மீனம்மா உப்புப் பார்க்காமல் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணப் பந்தி நடந்ததில்லை. பூண்டுலோயாவுக்கு மேலே, மேட்டு லயத்து வரிசை வீடுகளில் ஐந்தாவது அவளுடையது. பகலெல்லாம் கொழுந்து பறிப்பாள். விசேஷம் என்றால் அண்டாவோரம் போய் நிற்பாள். சமையல்காரர் அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்து, "பந்திக்கு எடுக்கலாம்" என்பாள். இல்லாவிட்டால் "பத்தல" என்பாள். மூன்றாவது பேச்சே கிடையாது. சொந்தத் தம்பி கல்யாணத்தில், பெண் வீட்டார் முன்னாலேயே சாம்பாரைப் "பத்தல" என்றுவிட்டாள். தம்பி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டுமே! நாக்கு சொந்தபந்தம் பார்க்குமா என்ன?

அவள் மகள் நிலக்ஷி கொழும்பில் ஒரு பெரிய ரெஸ்டூரண்டில் மூன்று வருஷமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வருஷத்தில் ஒருநாள் மதியம், வேலை செய்கிறவர்களின் வீட்டாருக்கு அங்கே விருந்து. 2003இல், சண்டை ஓய்ந்து சனங்கள் கொஞ்சம் பயமில்லாமல் போய்வந்த காலத்தில், அம்மாவை வரச் சொன்னாள். மீனம்மா கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு நானுஓயாவில் ரயிலேறினாள்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் நிலக்ஷி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அம்மா, இன்னைக்கு ஏழு தட்டு வரும். அதுல ஒன்னு நானே யோசிச்சுச் செஞ்சது. வந்தவங்களுக்குப் புடிச்சிருந்தா அடுப்புல நிக்க விடுறேன்னு செஃப் சொல்லியிருக்காரு. இல்லேன்னா மறுபடியும் வெங்காயந்தான்."

"எந்தத் தட்டுடி?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ இங்கயே சாமி கும்புட ஆரம்பிச்சிருவ."

ரெஸ்டூரண்டில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. சுளகு அகலத்துக்கு ஒரு தட்டு வந்தது. நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ ஒன்று. மீனம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. 'பரவாயில்லையே, கொழும்புலயும் முறை தெரிஞ்சவங்க இருக்காங்க! பந்திக்கு முன்னாடி உப்புப் பாக்கக் குடுத்து அனுப்புறாங்க!'

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து நக்கினாள். மேசைக்குப் பரிமாறிய சுகிர்தன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவனைப் பார்த்துத் தலையாட்டி, "தம்பி, பந்திக்கு எடுக்கலாம்னு உள்ள சொல்லுங்க" என்றாள்.

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓம் அம்மா, சொல்லுறன்" என்று உள்ளே போனான்.

இரண்டாவது தட்டில் ஒற்றை இறால். எடுக்கலாம். மூன்றாவதில் ஒரு மடக்கு சூப். எடுக்கலாம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் சமையலறையில் கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. நான்காவது தட்டுக்கு, அவள் வாயைத் திறக்கும் முன்பே சுகிர்தன் கைகட்டி நின்றுவிட்டான். வயிறு கபகபவென்று இருந்தாலும் மீனம்மா அசையவில்லை. பந்தியில் வெளுத்துக்கட்டலாம் என்று இருந்தாள்.

ஐந்தாவது தட்டு வந்தது. காசளவு ரொட்டி, மேலே பச்சையாக ஒரு துளி சம்பல். சுட்ட மிளகாய், தேங்காய், தேயிலை இளங்கொழுந்து. வாசனை மூக்கில் ஏறியதுமே தெரிந்துபோயிற்று. இருபது வருஷமாக அவள் கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு! இது நிலக்ஷியுடையதேதான். நக்கிப் பார்த்தாள்.

உப்புப் பத்தவில்லை.

ஐயோ மாரியாத்தா! இன்னொரு முறை நக்கினாள். அதே கதைதான். சுகிர்தன் காத்து நின்றான். "எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அடுப்பு. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"பத்தல தம்பி."

அவன் தயங்கித் தயங்கி உள்ளே போனான். சமையலறையில் சிரிப்பு நின்றுவிட்டது. மீனம்மா தலையில் அடித்துக்கொண்டாள். 'அடி பாதகத்தி! புள்ள பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. உயரத் தொப்பியோடு செஃப் வந்தார். பின்னால், கண்ணெல்லாம் நீராக நிலக்ஷி. மீனம்மா பதறி எழுந்தாள். அவர் சிங்களத்தில் பேசினார். அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"அம்மா, இங்கே வழக்கமாக வருகிற வெளிநாட்டவர் தாங்கமாட்டார்கள் என்று காலையில் உப்பைக் குறைக்க வைத்தது நான்தான். பத்தாது, பத்தாது என்று இவள் என்னோடு மல்லுக்கு நின்றாள். இவள் சொன்னதுதான் சரி. நாளையிலிருந்து இவள் அடுப்பில் நிற்கட்டும். உப்பும் இவள் இஷ்டம்."

"எங்கடி போகும் எங்க நாக்கு!" என்று மகளைக் கட்டிக்கொண்டு மீனம்மா அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். மிச்ச இரண்டு தட்டையும் "எடுக்கலாம், எடுக்கலாம்" என்று அனுப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி தம்பி, பந்தி எப்ப?"

சுகிர்தன் நிலக்ஷியைப் பார்த்தான். "அம்மா, இதுதாம்மா பந்தி. முடிஞ்சிருச்சு" என்றாள் அவள்.

"என்னடி சொல்ற? சோறு?"

மண்டபமே சிரித்தது. செஃப்தான் அவளைச் சமையலறைக்குள் அழைத்துப்போனார். அங்கே வேலைக்காரர்களுக்கு வடித்த சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. ஊர்ப் பந்திகளில் எல்லாரும் எழுந்த பிறகு, மிஞ்சியதைத்தான் மீனம்மா சாப்பிடுவாள். இன்றைக்கு நிலக்ஷி முதல் தட்டை அம்மாவுக்குப் போட்டாள், குவித்து.

"அம்மா, பருப்புக்கு உப்பு எப்பிடி?" என்றான் சுகிர்தன்.

"அட, பாக்கவே மறந்துட்டேன் தம்பி" என்றாள் மீனம்மா, வாய் நிறையச் சோற்றோடு.