சொட்டாத குழாய்

அந்த நீல பக்கெட்டின் கைப்பிடி உடைந்துபோய், மீன்வலைக் கயிறு கட்டியிருந்தது. போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் ஓர் அலுவலகத்தின் பின்சுவரில், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின் கீழே எப்போதும் இருக்கும். அங்கே கூட்டித் துடைக்கும் அக்காவின் பக்கெட் அது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவர். படகில் விழுந்து இடுப்பு ஒடிந்த கணவர் வீட்டில் படுத்த படுக்கை. கோடையில் அவர்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கொரு முறைதான் தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவுமே காணாது. கணவரைக் கழுவிவிடவும் துணி அலசவும் இந்தத் தண்ணீர்தான். இந்தத் தீவில் அணை வற்றினாலும் காற்றில் ஈரம் வற்றுவதில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கெட் நிறைந்துவிடும்.

நான் ஏசி மெக்கானிக். ஒரு மார்ச் மாதம் அந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். புதிதாக வந்த அதிகாரிக்குச் சுவரில் படிந்த பாசியும் பிடிக்கவில்லை, பக்கெட்டும் பிடிக்கவில்லை. குழாயைச் சாக்கடை வரை நீட்டச் சொன்னார். அக்கா துடைப்பத்தோடு பக்கத்தில்தான் நின்றார். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயம், திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஒரு இணைப்பில் மட்டும் பசை தடவாமல் சும்மா செருகினேன்.

"ஆபீசர் சாப் உள்ள போனதும் இத லேசா இழுங்கக்கா, கழண்டுரும். பக்கெட் ரொம்புனதும் திரும்பச் சொருகிருங்க."

"நல்லா இருப்ப எய்யா" என்றார்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இழுத்து இழுத்து இணைப்பு தளர்ந்து, நட்ட நடு மத்தியானம் அதிகாரியின் கண் முன்னாலேயே கழன்று விழுந்தது. என் முதலாளிக்குப் போன் பறந்தது. மறுநாள் அதிகாரி பக்கத்திலேயே நிற்க, நானே பசை தடவி ஒட்டினேன். துளி ஒழுக்கு இல்லை. இப்போது இதே ஊரில், டாலிகஞ்சில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். அதட்ட முதலாளி கிடையாது. இருந்தும் என்ன, சொட்டக் கூடாது என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், சொட்டாமல்தான் செய்து கொடுக்கிறேன். யார் வீட்டுத் தண்ணீரை அடைக்கிறேனோ, தெரியாது.

பசை தடவி ஒட்டிய அன்று, அதிகாரி உள்ளே போனதும் அக்கா வந்து அந்த இணைப்பை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"என்னால ஒனக்கு ஏச்சு விழுந்துட்டோ எய்யா?" என்றுதான் கேட்டார்.